பன்றிக்கு வைத்த பட்டி

என் வீட்டுக்காரர் தொடையில் துப்பாக்கி ரவை பாய்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆளுயர லாலாங் புல்லுக்குள் குந்தி உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருந்தவரைப் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்களாம். சுட்ட வெள்ளைக்காரர் நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். தன் குதிரை வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரவையை எடுத்துக் கட்டுப் போட்டு வீடு வந்த என்னவர் குப்புறப் படுத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அந்த வண்டியின் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார்.

"ரப்பர் சக்கரம் போட்ட வண்டி. ஒரு குலுக்கல் கெடையாது, தெரியுமா?"

"அடுத்த ஞாயித்துக்கெழமை நெஞ்சுல வாங்கிக்குங்க. இன்னும் பெரிய வண்டியா வரும்," என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தேக்கா வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த கோபம் மட்டும் போகவில்லை. போகாமல் நின்றதால்தான் நான் ஜெயித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சிராங்கூன் சாலையில் டிராம் வண்டி புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. தேக்காவுக்குப் பின்னால் எங்கள் வீடும் தொழுவமும் ஒட்டியபடி இருந்தன. நான்கு கறவை மாடுகள். விடியுமுன் கறந்து, ஜாலான் புசார் வரை வீடு வீடாக நானே பால் ஊற்றுவேன். மிஷன் தமிழ்ப் பள்ளியில் நான்கு வருஷம் படித்தவள் என்பதால், மாட்டுக்காரர்களுக்குள் எழுத்து வேலையும் வாய் வேலையும் என் தலையில் விழும். சாலைக்கு வடக்கே, ஆற்றுச் சதுப்பை ஒட்டி, சர்க்காருக்குச் சொந்தமான பெரிய புல்வெளி இருந்தது. எங்களோடு சேர்த்து ஆறு குடும்பங்கள் அங்கே மாடு மேய்க்கவும் புல் அறுக்கவும் அனுமதிச் சீட்டு வைத்திருந்தோம். அந்தப் புல் கிடைக்காவிட்டால் மாட்டை விற்க வேண்டியதுதான்.

பன்றிகள் அங்கே பிறந்தவை அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருமழையில், ஆற்றோரம் காய்கறி போட்டுப் பன்றி வளர்த்த சீனத் தோட்டக்காரர் ஒருவரின் கொட்டில் சரிந்தது. தப்பிய பன்றிகள் சதுப்புக்குள் போய், காட்டுப் பன்றியோடு கலந்து, குட்டி மேல் குட்டி போட்டுப் பெருகிவிட்டன. புல்லின் வேரைத் தோண்டும். தோட்டக்காரர்களின் மரவள்ளியைத் தோண்டும். அந்த வருஷம், வெளியில் ஈன்ற ஒரு மாட்டுக் கன்றின் காலைக் கடித்து இழுத்துப் போகப் பார்த்தது ஒரு பன்றி. எனவே பன்றிகள் போக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இருந்ததில்லை.

அதற்காகத்தான் ஞாயிறுதோறும் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். தகரம் தட்டிப் பன்றிகளைக் கிளப்புவார்கள். நாலு பக்கமும் வெடிப்பார்கள். ஒன்று விழும், நாலு அடிபட்டு ஓடும், மற்றவை சிதறிப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வரும். விழுந்ததோடு படம் பிடித்துக்கொள்வார்கள். ஓடியதை யாரும் தேடிப் போவதில்லை. சதுப்புக்குள் இறங்கினால் பூட்ஸ் கெட்டுவிடும் அல்லவா?

என்னவர் படுத்துக்கிடந்த அந்த வாரம் புல்லறுக்க நான் தனியாகப் போனேன். புதன்கிழமை, கோரைக்குப் பக்கத்தில், பின்னங்கால் இரண்டும் செத்துப்போன ஒரு தாய்ப்பன்றியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய குண்டு. புண்ணில் புழு நெளிந்தது. முன்னங்காலால் மண்ணைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் நகரப் பார்த்திருக்கிறது. மடியில் பால் கட்டிக் கல்லாக இருந்தது. பக்கத்தில் நான்கு குட்டிகள், மூன்று செத்து, ஒன்று மட்டும் காம்பைப் பிடித்தபடி. மடி கட்டினால் என்ன வலி என்று மாட்டுக்காரிக்குத் தெரியும். நான் கொஞ்ச நேரம் நின்று அழுதேன். பிறகு கையிலிருந்த புல்லரிவாளால் அதன் கழுத்தை அறுத்தேன். நான் கொன்ற முதல் உயிர் அது. காம்பைப் பிடித்திருந்த குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். தொழுவத்துக்கு வருமுன் அதுவும் போய்விட்டது.

மறுநாள் பால் ஊற்றிய கையோடு, சர்க்கார் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் துரையின் ஆபீசுக்குப் போனேன். நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் அந்த ஆபீஸ் குமாஸ்தா, ஒரு தமிழ்க் கிராணி. வெள்ளைச் சட்டை, வெற்றிலைச் சிவப்பு உதடு, என்னைப் பார்த்ததும் ஒரு சலிப்பு.

"பன்னிங்க போகணும்ங்கறதுல எனக்கு மறுப்பில்லைன்னு சொல்லுங்க ஐயா. நேத்து நானே ஒண்ணக் கொன்னேன். ஆனா சுட்டவங்க அதை முடிச்சுட்டுப் போயிருக்கணும்."

துரை ஏதோ சொன்னார்.

"யாருக்கும் சொந்தமில்லாத மிருகமாம். பொது நிலத்துல திரியுதாம். யாரும் சுடலாம்ங்கறாரு."

"யாருக்கும் சொந்தமில்லைன்னா அரைகுறையாக் கொன்னு போட்டுட்டுப் போகலாமா? பின்னால வந்து முடிக்கிறது யாரு? புல்லறுக்கிறவளா? பொது நிலம்னா அதுல புல்லு எங்களுக்குப் பொது, வெடி அவங்களுக்குப் பொது, சாகுறது மட்டும் அதோட தலையெழுத்தா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துன மாதிரி, பன்னிக்குன்னு என் புருசனைச் சுட்டிருக்காங்க. இதையும் சொல்லுங்க."

கிராணி மூன்றே வார்த்தை சொன்னார்.

"நான் சொன்னது இவ்வளவு நீளம். நீங்க சொன்னது இத்துனூண்டு. மிச்சத்தையும் சொல்லுங்க ஐயா, நான் நிக்கிறேன்."

துரைக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அது புரிந்துவிட்டது. சிரித்தார். கிராணி முகம் சிவக்க முழுவதையும் சொன்னார். துரை கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். பதினைந்து நாள் தவணை. அதுவரை துப்பாக்கி வராது. பதினாறாம் நாள் காலை அவரே வந்து பார்ப்பார். பன்றிகள் ஒழிந்திருந்தால் புல்வெளி எங்களுக்கு, துப்பாக்கி இனி உள்ளே வராது. ஒழியாவிட்டால் நிலத்தை அடைத்து வேட்டைக்கு மட்டும் விடுவார். வேட்டை முடியும்வரை மாடும் ஆளும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

வெளியே வரும்போது கிராணி கேட்டார்: "எப்படிம்மா செய்யப் போற?"

"மாட்டைப் பட்டியில அடைக்கத் தெரிஞ்சவங்களுக்குப் பன்னியை அடைக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோசனை சிக்கலானதல்ல. புதிய மாட்டைப் பட்டிக்குப் பழக்க, கதவைத் திறந்து போட்டுத் தீனி வைத்து, அதுவாக வந்து போகவிட்டு, பயம் தெளிந்த பிறகே கதவை மூடுவோம். பன்றிக்கும் அதையே செய்வது. சதுப்பில் வெட்டும் பக்காவ் மரத்துக் கட்டைகளை வட்டமாக நெருக்கி நட்டோம். மேலிருந்து விழும் பலகைக் கதவு ஒன்று. அதைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றை, தூரத்துப் புதர்வரை இழுத்துக் கட்டினோம். ஆறு குடும்பமும் வேலை செய்தது. என்னவர் கட்டுப் போட்ட காலோடு ஒரு பெட்டி மேல் ஒருக்களித்து உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தார். தலையில் ஒரு சிவப்புத் துணி. இனி யாரும் தன்னைப் பன்றியென்று நினைக்கக் கூடாதாம்.

தீனியில்தான் எங்கள் புத்தியைக் காட்டினோம். மாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த தீனி ஒன்றுதான். கழுநீரில் தவிடும் புண்ணாக்கும் கரைத்து, கமகமவென்று தொட்டியில் ஊற்றினோம். அந்தி மங்கலில் புதருக்குள் இருந்த என்னவர், பட்டிக்குள் பெரிய பெரிய உருவங்கள் முண்டுவதைப் பார்த்துக் கயிற்றை விட்டுவிட்டார். கதவு தடாலென்று விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் உள்ளே எங்கள் மாடுகளில் மூன்றும், பக்கத்து வீட்டு எருமையும்! சாவதானமாகத் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. மிரண்ட எருமை கட்டைகளைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறியது. சரிசெய்ய இரண்டு நாள் போயிற்று.

"பன்னியோட சேந்த கன்னும் கெட்டுப்போகும்னு சொல்லுவாங்க. நம்ம மாடு பன்னிக்கு முந்தியே கெட்டுப்போச்சே," என்றார் என்னவர்.

வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு கட்டினேன். பன்றி குனிந்து நுழையும், மாடு நுழையாது. கதவைத் தூக்கியே வைத்தோம். முதல் இரண்டு நாள் தீனி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் தொட்டி காலி. அதற்குப் பிறகு தினமும் விடியற்கருக்கலில் வந்தன. சண்டை போட்டுக்கொண்டு தின்றன. புதருக்குள் உட்கார்ந்து நான் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுவைத்தேன்.

ஒருத்தி மட்டும் உள்ளே வரவேயில்லை. வலது காது பாதி இல்லாத கிழட்டுப் பெட்டை. காதறுந்தவள் என்றே அவளைச் சொல்வோம். குண்டு பட்டுப் போன காது என்று நினைத்தோம். சின்னக் குட்டிகள் ஏழு அவள் காலடியிலேயே சுற்றும். அவள்தான் கூட்டத்துக்குத் தலைவி. மற்றவை உள்ளே தின்ன, அவள் வாசலுக்கு வெளியே மூக்கைத் தூக்கி நிற்பாள்.

"இருக்கிறதை அடைச்சிருவோம் புள்ள. ஒருத்திதானே?" என்றார் என்னவர், பத்தாம் நாள்.

"அந்த ஒருத்தி வெளியில நின்னா, கதவு விழறதைப் பாத்துருவா. அப்புறம் அவ போடுற குட்டி ஒண்ணுகூடப் பட்டிப் பக்கம் வராது. துப்பாக்கிதான் வரும். எல்லாம் உள்ள வரட்டும்."

பதினோராம் நாள் காலை, காதறுந்தவள் வாசலை விட்டு எங்கே போகிறாள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். புல்வெளி ஓரத்தில் நின்ற ஆலமரத்துக்குப் போனாள். தாழ்ந்த கிளையில் தொங்கிய ஒரு வைக்கோல் பொட்டலத்தை, பின்னங்காலில் எழும்பி நின்று இழுத்தாள்.

அது நாங்கள் கட்டிய பொட்டலம். மாடு ஈன்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால் வடியும் மரத்தில் கட்டுவது வழக்கம். கட்டினால் பால் பெருகும், நாயோ நரியோ தின்றால் பால் வற்றும் என்பார்கள். ஊரில் உயர்ந்த மரத்தில் கட்டுவோம். இங்கே வந்த சோம்பலில் கைக்கெட்டிய கிளையில் கட்டினோம். ஆறு குடும்பத்து மாடுகள், வருஷம் முழுக்கப் பொட்டலம். பன்றிகள் ஏன் இந்த வெளியை விட்டுப் போகவில்லை, ஏன் ஈன்ற மாட்டைத் தேடி வந்தன என்று எனக்கு அப்போது விளங்கியது. சீனர் கொட்டிலைக் குறை சொல்லிக்கொண்டு, நாங்களே இத்தனை வருஷம் அவற்றுக்கு விருந்து வைத்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

பதினாலாம் நாள் மதியம் எங்கள் செவலை ஈன்றது. நல்ல கிடேரிக் கன்று. நஞ்சுக்கொடி விழுந்ததும் என்னவர் வைக்கோலை எடுத்தார்.

"இதை மரத்துல கட்ட வேண்டாம். பட்டிக்குள்ள கட்டப் போறேன்," என்றேன்.

அவர் கையில் வைக்கோல் அப்படியே நின்றது. "பைத்தியமா உனக்கு? பன்னி தின்னா செவலைக்குப் பால் வத்திப்போகும். இருக்கிறதுலயே நல்ல கறவை."

"இத்தனை நாளும் அதுங்கதான் தின்னுருக்கு. எந்த மாட்டுக்கு வத்துச்சு?"

சொல்லிவிட்டேனே தவிர, என் மனசும் அடித்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்து நம்பியது அவ்வளவு சுலபத்தில் விடுமா? செவலையின் நெற்றியைத் தடவி, "மன்னிச்சுக்கடி," என்று சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தை எடுத்துப் போனேன். பட்டியின் உள்கோடியில் தாழக் கட்டினேன்.

பதினைந்தாம் நாள் கருக்கலில், புதருக்குள் நானும் அவரும். கூட்டம் வந்தது, குனிந்து நுழைந்தது. காதறுந்தவள் வாசலில் நின்றாள். மூக்கு ஆடியது. ஒரு அடி வைத்தாள், பின்வாங்கினாள். கீழ்வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. தூரத்தில் தொழுவத்தில் கறக்காத மாடுகள் கத்தத் தொடங்கின. என்னவர் என் கையைக் கிள்ளினார். நான் கயிற்றை விடவில்லை. ஏழு குட்டிகளும் அவளைத் தாண்டி உள்ளே ஓடின. அவள் தலையைத் தாழ்த்தி, கம்புக்கடியில் நுழைந்து, நேராகப் பொட்டலத்துக்குப் போனாள்.

கயிற்றை விட்டேன். கதவு விழுந்த சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு நடுவயதுப் பெண்பிள்ளை என்பதையும் மறந்து, புல்வெளியில் குதித்தேன். என்னவர் ஒரு காலால் குதித்தார். ஒன்றும் தப்பவில்லை. பதினேழு பெரியவை, அவளோடு பதினெட்டு, ஏழு குட்டிகள். அன்றைக்கு ஜாலான் புசார் முழுக்கக் கருங்காபிதான் குடித்தது.

மறுநாள் காலை துரை வந்தார், கிராணி வந்தார், மூன்று துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள். என்னவரைச் சுட்டவரும் அவர்களில் ஒருவர். பட்டியை எட்டிப் பார்த்த துரை தொப்பியைத் தூக்கி என்னைப் பார்த்தார். துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் அதற்குள் கட்டைகளுக்கு நடுவே குழலை நுழைத்தார்.

நான் போய்க் குழலுக்கு முன்னால் நின்றேன். "அடைச்சு வச்சதைக் கும்பலாச் சுடுறதுக்கா பதினைஞ்சு நாள் காத்துக் கெடந்தேன்? ஒண்ணு ஒண்ணா. மத்தது பாக்காம. ஒரே வெட்டு. ஒண்ணும் வீணாப் போகக் கூடாது. கிராணி ஐயா, முழுசாச் சொல்லுங்க."

இந்த முறை அவர் முழுசாகச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். துரை கையசைக்க, குழல் வெளியே வந்தது.

கொட்டில் சரிந்த அந்தச் சீனத் தோட்டக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் தன் ஆட்களோடு வந்து, சாக்கு மறைப்புக் கட்டி, ஒவ்வொன்றாகப் பின்னால் கொண்டுபோய் முடித்தார். தேர்ந்த கை. முதல் பன்றி முடிந்ததுமே, ஞாயிறுதோறும் சுட்டவர்களில் இரண்டு பேருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. என்னவரைச் சுட்டவர் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றார். நானும் நின்றேன். கதவை மூடியவள் நான் அல்லவா?

கடைசியில் காதறுந்தவள். சீனர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தன் காதைப் பிடித்து, கத்தியால் வெட்டுவது போலக் காட்டி, "சாயா புஞா," என்றார். என்னுடையது என்று மலாயில் சொன்னார். அந்தக் காது குண்டு பட்ட காது அல்ல, குட்டியில் அவரே போட்ட அடையாளம். யாருக்கும் சொந்தமில்லாத மிருகம் என்று சொன்ன துரைக்குக் கிராணி இதை மொழிபெயர்த்தார். துரை தரையைப் பார்த்தார்.

"உங்களோடதுன்னா கூட்டிட்டுப் போங்களேன்," என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில்.

அவர் தலையசைத்தார். காட்டைப் பார்த்தவள் கொட்டிலில் நிற்க மாட்டாள், உடைத்துக்கொண்டு வருவாள், மறுபடி துப்பாக்கி வரும் என்றார். அவர் அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்துத் தன் மொழியில் ஏதோ பேசியபடி மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார். சத்தமே வரவில்லை.

துரை அங்கேயே, கிராணியின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். புல்வெளி ஆறு குடும்பத்துக்கும் தொடரும். துப்பாக்கி உள்ளே வரக் கூடாது. நான் அதை மடித்து இடுப்பில் செருகினேன்.

ஏழு குட்டிகளைச் சீனர் வளர்க்க எடுத்துக்கொண்டார். வளர்ந்தால் அறுப்பார், அது எனக்குத் தெரியாதா? ஆனால் அவை இன்னும் பால்குடி. தவிட்டை முகர்ந்துவிட்டுக் கத்தின. கூடையோடு எங்கள் தொழுவத்துக்கே தூக்கிவரச் சொன்னேன். செவலையின் மடியில் கை வைத்தேன். வற்றவில்லை. கன்று வயிறு முட்டக் குடித்த பிறகும் சீம்பால் மஞ்சளாகத் திரண்டு வந்தது. துணியை நனைத்து ஒவ்வொரு குட்டியின் வாயிலும் வைத்தேன். என்னவர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். சதுப்பில் கிடந்த அந்த நான்கு குட்டிகள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏழும் குடித்துத் தூங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மாடு ஈன்ற வீட்டில் சீம்பால் பங்கு வரும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கிண்ணத்தோடு வாசலில் நின்றார்கள்.

"இந்த ஈத்துக்குச் சீம்பால் முடிஞ்சு போச்சு. அடுத்த ஈத்துக்கு வாங்க," என்றேன்.

"அடுத்த ஈத்து வரைக்கும் மாட்டுக்குப் புல்லு இருக்குமா?" என்று கேட்டாள் ஒருத்தி.

இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்தேன். அதில் சீம்பால் பட்டு ஒரு மூலை ஈரமாகியிருந்தது. வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "இருக்கு!" என்றேன்.